மட்கார்டுக்குள் பூசிய கறுப்பு

திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை எனக்கு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் உள்ளே எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கண் போகும். செகண்ட் ஹேண்டில் வெள்ளைக் கார் ஒன்று வாங்கியபோதும் அந்தப் புத்தி மாறவில்லை. வெளியே பளபளவென்று இருந்தது. ஆனால் மட்கார்டுக்கு உள்ளே, சக்கரத்துக்கு மேலே குடைபோல் வளைந்திருக்கிற இடம் மட்டும் எந்நேரமும் செம்மண் அப்பிப் பழுப்பாகவே இருந்தது. அது கறுப்பாக இருந்தால்தான் சக்கரம் எடுப்பாகத் தெரியும். இதை நான் சொல்லிப் புரிந்துகொண்டவர்கள் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹோஸ் பைப்பும் நீளக் கைப்பிடி பிரஷ்ஷுமாக நான் தரையில் படுத்துவிடுவேன். மனைவி வாசலில் வந்து நிற்பாள்.

"அங்க யாரு எட்டிப் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறன் இல்ல?"

"என் மூஞ்சிய ஒரு நாளு இப்பிடிக் குனிஞ்சு பாத்துக்கீறீங்களா?"

இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு அனுபவம் உண்டு. பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கிக்கொள்வேன்.

அவளுடைய தம்பி, என் மச்சான், சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்ல பையன், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். மூன்று இடத்தில் பெண் பார்த்தோம். மூன்று பெண்களும் "அவரு பேசவே மாட்டேன்றாரு" என்று சொல்லிவிட்டார்கள். நாலாவதாகப் பிச்சாட்டூரில் ஓர் இடம் வந்தது. பெண் ஸ்ரீ சிட்டியில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள் என்று தரகர் சொன்னார். அதைக் கேட்டதும் மற்றவர்கள் மாப்பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நான் மட்கார்டைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள் வாட்டர் சர்வீஸ் கடையில் என் கவலையைச் சொன்னேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "வேஸ்ட் ஆயில் ஒரு கோட்டு குடு அண்ணா. நல்லகா நிகநிகலாடுதுந்தி!" என்று தெலுங்கில் முடித்தார். கறுகறுவென்று மின்னுமாம். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றியும் கொடுத்தார். பழைய பனியன் துணியால் நாலு மட்கார்டுக்கு உள்ளேயும் தடவினேன். என்ன கறுப்பு! போனில் படம் எடுத்து, சித்தூரிலிருந்து வந்திருந்த மச்சானுக்குக் காட்டினேன். பெண்ணின் போட்டோவைப் பார்த்தபோதுகூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னது அவனையா என்னையா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை மூவரும் கிளம்பினோம். புத்தூர் தாண்டியதும் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் புழுதி. பிச்சாட்டூர் ஏரி கண்ணில் பட்டதும் மனசு கேட்காமல் வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். மட்கார்டுக்குள் எண்ணெயெல்லாம் புழுதியை வாரி எடுத்து, பஜ்ஜி மாவு பூசியதுபோல் தடிமனாகி இருந்தது. பேப்பரால் வழிக்கத் தொடங்கினேன். மச்சானும் இறங்கி வந்தான்.

"நீ வேணாம்டா, வேட்டிடா" என்றேன்.

"பரவால்ல மாமா" என்று குந்தியவன், திரும்பி எழுந்திருக்கும்போது இடுப்புக்குக் கீழே மட்கார்டு விளிம்பில் உரசிக்கொண்டான். பட்டு பார்டர் போட்ட வெள்ளை வேட்டியின் பின்பக்கத்தில் கறுப்பாக ஒரு வளைவு. அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மனைவிக்குத் தெரியும், மனைவிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எண்ணி, வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

பெண் வீட்டு வாசற்படியில் மனைவி பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. தம்பியின் காதில் "ஒக்காராத" என்று மட்டும் சொன்னாள். உள்ளே நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டு வைத்திருந்தார்கள்.

"ஒக்காருங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

"பரவால்லீங்க."

"காலு கீலு அடிபட்டுக்கீதா? நம்ம புத்தூர்ல கட்டு போட்டா மூணு வாரத்துல நடக்கலாம்."

"நடக்கறன்ங்க" என்று சொல்லி அவன் நடந்தும் காட்டினான். அப்போதுதான் அந்தப் பெண் காபித் தட்டோடு வந்தாள். அவனுடைய முதுகுப்பக்கம் முழுசாக அவளுக்குத் தெரிந்தது. தட்டோடு அப்படியே நின்றாள்.

"இது கிரீஸா, வேஸ்ட் ஆயிலா?"

நாலு வீட்டில் பெண் பார்த்ததில் முதல்முறையாக என் மச்சான் முழு வாக்கியம் பேசினான். "வேஸ்ட் ஆயில்ங்க. நீங்க கார் கம்பெனின்னு எங்க மாமா மட்கார்டு உள்ள பூசிக்கினு வந்தாரு."

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். நாங்களும் பின்னால் போனோம். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, போன் லைட்டை அடித்து, விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

"ரிஜெக்ட்" என்றாள்.

மச்சான் கறைமேல் கை வைத்து மறைத்தான்.

"மட்கார்ட சொன்னேன்" என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆயிலு தூசிய இழுக்கும் அண்ணா. ரப்பரும் ஊதிப்பூடும். மொதல்ல தண்ணி அடிச்சு மண்ண எறக்கணும். சோப்புத் தண்ணி போட்டுத் தேய்க்கணும். நல்லாக் காஞ்ச பின்னாடி, தண்ணில கலக்கற டிரெஸ்ஸிங்னு ஒரு மெருகு விக்கறாங்க, அத ஸ்பாஞ்சுல லேசாத் தடவுனா போதும். பிரேக்கு மேல மட்டும் பட்டுறக் கூடாது. பூசலியே?"

"இல்லம்மா" என்றேன். குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை. அவளும் நம்பவில்லை. நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்து, "தப்பிச்சீங்க" என்றாள்.

மச்சான் அவள் பக்கத்தில் குந்தினான். "அந்த டிரெஸ்ஸிங் எங்க கெடைக்கும்ங்க?"

எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவன் யாரையும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. என்னையும் மனைவியையும் பெண்ணின் அப்பா உள்ளே அழைத்துக் கேசரி வைத்தார். அரைமணி நேரம் ஆயிற்று. அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா பேசிக்கினு கீறாங்க?"

"மட்கார்டு பத்தி" என்றாள் என் மனைவி, உயிரே போன குரலில்.

அவர் கேசரிப் பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்தார். "கெட்ட பேச்சு ஒண்ணும் இல்லியே" என்று சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி கேசரி போட்டார்.

திரும்பும்போது மச்சான் பெண்ணின் அப்பா கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் அது எட்டியது. புத்தூரில் மனைவியின் போன் அடித்தது. அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா. "எங்க பொண்ணுக்கு சம்மதம்ங்க. தம்பி நல்லாப் பேசறாராம்." மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பான நம்பரோ என்பதுபோல் தம்பியைப் பார்த்தாள்.

அந்த எண்ணெயைச் சுத்தமாக எடுக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் புத்தூரில் வீடு பார்த்துக் குடியேறினார்கள். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அன்றைக்கு நான் தண்ணீர் அடிக்கிறேன், மச்சான் பிரஷ் போடுகிறான், அவன் மனைவி ஸ்பாஞ்சு பிடிக்கிறாள். இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். இப்போதெல்லாம் நடுவில் எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைப்பதில்லை.