அத்தை இருமாத நாள்

அப்பாவின் தங்கைக்குச் சயரோகம் என்று புதுக்கோட்டை டாக்டர் சொன்ன அன்றே எங்கள் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கிவிட்டார்கள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். குளத்தூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. வியாதியின் பெயர் வெளியே கசிந்தால் அத்தையை ஒருத்தனும் கட்டமாட்டான். நாளைக்கு என்னையும் கட்டமாட்டான் என்று அம்மா அழுதாள். எனக்கு அப்போது எட்டு வயசு.

நல்லவேளை, அந்த நோய்க்கு அப்போதுதான் ஊசி வந்திருந்தது. தினமும் காலையில் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து, ஊசியைக் கொதிக்கவைத்து, அத்தைக்குப் போட்டுவிட்டுப் போவார். சில மாதத்திலேயே காய்ச்சல் விட்டது, இருமல் அடங்கியது, கன்னத்தில் சதை பிடித்தது. நல்லாகிவிட்ட மாதிரி தெரிந்தாலும் நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தவர்தான்.

அந்த நேரம் பார்த்துக் கொடும்பாளூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். வாசலில் தினமும் கம்பவுண்டர் சைக்கிள் நின்றால் ஊர் சும்மா இருக்குமா? அப்பா அவரை வரவேண்டாம் என்றுவிட்டார். அடியோடு நிறுத்தவும் பயம். அதனால் கீரனூர்ச் சந்தைக்குப் போகிற சாக்கில், தோதுப்பட்டபோது மட்டும் அத்தை ஓர் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். இந்த ஏற்பாட்டில் அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை.

பெண் பார்க்க வந்தார்கள். முந்தின நாள் அத்தை லேசாகச் செருமியதற்கே அம்மா முகம் வெளுத்துப்போயிருந்தது. அத்தை நாக்குக்கடியில் கற்கண்டை அடக்கிக்கொண்டு காபித் தட்டோடு கூடத்துக்குப் போனாள். தண்ணீர்ச் செம்போடு கூடவே நிற்பது என் வேலை. வீடு மணக்கட்டும் என்று அம்மா சாம்பிராணி வேறு போட்டுத் தொலைத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார். அத்தை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். அவள் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது. அப்பா அவசரமாக வெற்றிலைத் தட்டை நீட்டினார். இரும வைத்துவிடாதே ஆத்தா, இரும வைத்துவிடாதே என்று நான் மாரியம்மனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, கண்ணெல்லாம் கலங்குது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அண்ணனை விட்டுட்டுப் போகணுமேன்னு நெனைக்கிறாங்க" என்றாள் அம்மா சட்டென்று.

வந்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் அத்தை கொல்லைக்கு ஓடி, கிணற்றடியில் குனிந்து இருமு இருமென்று இருமினாள். நான் கைகொட்டிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான மறுவருஷமே நோய் திரும்பிவந்தது. வாத்தியார் மாமா ஒரு நாள் விடாமல் அதே ஊசியைப் போட வைத்தார். நோய் கேட்கவில்லை. கிருமிக்கு மருந்து பழகிப்போச்சு என்றார் டாக்டர். அது பழக்கமில்லை என்று பெரியவளாகிப் படித்த பிறகுதான் தெரிந்தது. கோடானுகோடிக் கிருமிகளில் ஒன்றிரண்டு, மரபணுவில் ஏற்படும் ஒரு சின்ன மாறுதலால், அந்த ஊசிக்குச் சாகாதவையாகப் பிறந்துவிடுகின்றன. விட்டுவிட்டுப் போட்ட ஊசி மற்றவற்றைக் கொன்று, அவற்றுக்குத் தாராளமாக இடம் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பிறந்ததெல்லாம் அதே குணத்தோடு பிறந்து, அத்தையின் நெஞ்சை நிறைத்துவிட்டன. அரைகுறை வைத்தியம் பண்ணாமலே இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

அத்தை செத்துப்போய், அவளை எடுத்த அன்று, மாமா அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, ஊசி முடியிற வரைக்கும் நான் காத்திருந்திருப்பேனே மச்சான்."

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கு அப்போது மாமாமேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கல்யாணத்தை நடத்திவைக்க அப்பா எவ்வளவு பாடுபட்டார் என்பது இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.