அண்ணன் தூங்கிப்போன கல்யாணம்

எண்பதுகளில் இண்டூர் பக்கம் எந்தத் திருவிழா என்றாலும் என் அண்ணனின் மைக் செட்தான். மாரியம்மன் பண்டிகைக்கும் கட்டுவார், எங்கள் மாதா கோயில் தேருக்கும் கட்டுவார். விடிய விடியக் கூத்து நடக்கும். வேஷம் கட்டுகிறவர்கள் மாறி மாறிக் கொஞ்சம் தூங்கிக்கொள்வார்கள். ஆம்ப்ளிஃபயர் முன்னால் இருப்பவர் கண் அசர முடியாது. மைக் இரைந்தால் ஊரே அவரைத்தான் திட்டும். விடிந்ததும் குழாய் ஸ்பீக்கர்களை அவிழ்த்து, பஸ் மேலே ஏற்றி, அடுத்த ஊரில் பொழுது சாய்வதற்குள் கட்டியாக வேண்டும். வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிவிடுவார். நாங்கள் பார்த்துச் சிரிப்போம். அந்த ஆள் எத்தனை நாளாகப் படுக்கவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

வைகாசியில் எனக்குக் கல்யாணம். அப்பா இல்லாததால், கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அண்ணன்தான் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதற்கென்றே வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். அந்த வாரம் முழுக்கப் பாப்பிரெட்டிப்பட்டியில் அவருக்குப் பண்டிகை வேலை. "என் தங்கச்சி கல்யாணத்துக்கு அடுத்தவன் செட்டா?" என்று அங்கிருந்து நேராக வந்து எங்கள் பந்தலிலும் அவரே கட்டினார்.

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "நீ முன்னால போ பாப்பா, பாட்ட நிறுத்திட்டு வந்துர்றேன்" என்றார்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் காத்து நின்றார்கள். பங்குச் சாமியார் பூசை உடுப்போடு வந்துவிட்டார். அண்ணனைக் காணோம். சித்தப்பா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பந்தலில் ஆம்ப்ளிஃபயர் மேஜைக்குக் கீழே ஒயர் சுருளில் தலைவைத்துக் கிடந்தாராம். தண்ணீர் தெளித்ததற்கு எழுந்து உட்கார்ந்து, "கரண்ட் வந்துட்டுதுங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சாய்ந்துவிட்டாராம்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அம்மா, "வுடுங்க, தூங்கட்டும்" என்றாள். முன்னால் வந்து என் கையைப் பிடித்தாள்.

"தாலி அறுத்தவ முன்னால போறதா?" என்று அத்தை முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. சாமியார் அம்மாவைப் பார்த்து, "வாங்கம்மா" என்றார். நடந்தோம். பீடம் வரை அம்மா என் கையை விடவில்லை.

பந்தி முடிகிற நேரத்தில் அண்ணன் வந்தார். கன்னத்தில் ஒயரின் தடம்.

"ஏம்மா என்னை எழுப்பல?"

"எழுப்பாமயா? நீ எந்திரிக்கலியேப்பா."

அவர் சாப்பிடவில்லை. நான் கிளம்பும்போது, "மன்னிச்சுக்க பாப்பா" என்றார். "பரவால்லண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வருஷமே செட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மொரப்பூரில் ஒரு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். பகல் வேலைதான். ஆனால் இப்போது ராத்திரியில் தூக்கம் பிடிக்கவில்லை என்று அண்ணி சொல்வாள். என் மகளின் ஞானஸ்நானத்தில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பூசை முடியும்வரை தூணோரம் நின்றுகொண்டே இருந்தார்.

அம்மாவோடு நடந்த அந்த நடைதான் என் கல்யாணத்திலேயே எனக்குப் பிடித்தது. அப்பா செத்ததிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் அவள் முன்னால் நின்றதில்லை. அண்ணன் விழித்திருந்தால் அன்றைக்கும் நின்றிருக்க மாட்டாள். இதை அவரிடம் சொன்னால் பாரம் இறங்குமா, இன்னும் வலிக்குமா என்று தெரியாமலே வருஷங்கள் போயின. அம்மா இறந்த பிறகு ஒருநாள் துணிந்து, "அண்ணா, அன்னிக்கி கோயில்ல..." என்று ஆரம்பித்தேன்.

இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அந்தப் பேச்சு வேணாம் பாப்பா."

நிறுத்திவிட்டேன். அவர் தடுத்ததைக் கேட்காமல் சொல்லி முடித்திருக்க வேண்டும்.