கண்ணாடியை நம்பாத கை

நர்ஸாக எத்தனையோ வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பலருடைய முகம் மறந்துவிட்டது. எந்தக் கையால் சாப்பிட்டார்கள் என்பது மட்டும் மறப்பதில்லை. சலூன்காரர் இடது கையால் சாப்பிட்டார். அதுவும் கரண்டியால், அதுவும் அந்தக் கரண்டியைத் திட்டிக்கொண்டே.

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்து அவர் வீடு திரும்பிய வாரம் என்னை வேலைக்கு வைத்தார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு நடை. கால் சீக்கிரமே தேறிவிட்டது. தடியை ஊன்றி நடந்தார். வலது கைதான் சட்டைக்குள் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போலத் தொங்கியது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

காலையில் கடையின் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிடச் சொல்வார். கீழே நுழைகிற வெயில் காலி நாற்காலியின் கால்வரை வந்து நிற்கும். அந்த நாற்காலியை அவருடைய முதலாளியிடமிருந்து கடையோடு சேர்த்து வாங்கியிருந்தார். பையனாக அங்கே முடி கூட்டப் போனது, முதலாளி கத்தியைத் தொடவிடாமல் வருஷக்கணக்கில் காக்கவைத்தது, முதன்முதலில் ஷேவ் செய்த ஆள் பயத்தில் பாட்டுப் பாடியது, எல்லாவற்றையும் அந்தப் பாதி வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் சொல்வார். ஒரே கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். நான் திருத்தியதில்லை. இப்போதும் அதிகாலையில் எங்காவது ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டால், அடுத்து அவர் தொண்டையைச் செருமுவார் என்று காது காத்திருக்கிறது.

அந்தப் பாதி ஷட்டருக்குள் குனிந்து தினமும் வருகிற ஒரே ஆள் தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சலூன்காரருக்குச் சின்ன வயசுச் சிநேகிதர். வருவார், பெஞ்சில் உட்காருவார், பேப்பரை விரிப்பார். சலூன்காரர் படுத்த நாளிலிருந்து அவர் முகத்தில் கத்தி படவில்லை. தாடி நெஞ்சுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"தெருமுனையில இன்னொரு கடை இருக்குல்ல? போய் வழிச்சுக்கோயேண்டா. பாக்கச் சகிக்கல" என்பார் சலூன்காரர்.

"முதல்ல உன் முதலாளி வழிச்சாரு. அப்புறம் நீ. மூணாவது ஆளுக்குக் கழுத்தை நீட்டற வயசா எனக்கு?"

"அப்போ தாடியோடயே போய்ச் சேரு."

"உன் கை வரட்டும், நீயே எடு. வரலைன்னா சாமியாராப் போயிடறேன். நாலு பேர் என் கால்ல விழுவாங்க."

இருவரும் சிரிப்பார்கள். தபால்காரர் போனதும் சலூன்காரரின் சிரிப்பும் போய்விடும். ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நர்சம்மா, இந்தக் கை மறுபடி கத்தி பிடிக்குமா, பிடிக்காதா? உள்ளதைச் சொல்லு."

"தெரியாதுங்க."

"இத்தனை பேரைப் பாத்திருக்கியே?"

"பாத்ததாலதான் தெரியாதுன்னு சொல்றேன்."

"பிடிக்கலைன்னா கடையை மூடிடுவேன். ஷேவிங் பண்ணாத சலூன் ஒரு சலூனா? நாற்காலியை எவனாவது எடுத்துட்டுப் போகட்டும்."

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டாள். வந்து அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள்.

நான் பயிற்சி எடுத்த காலத்தில் செயலிழந்த கையைத் தலையணைமேல் பத்திரமாக வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு மாதம் பார்ப்பது, வந்தது வந்ததுதான், மீதிக்கு மனதைத் தேற்றுவது. பிசியோதெரபி கொடுக்க வந்த பெண் வேறு பாடம் படித்திருந்தாள். அடிபட்ட மூளை புது வழி கண்டுபிடிக்கும், ஆனால் வேலை கொடுத்தால்தான் தேடும் என்றாள். புதிதாக வந்த ஆராய்ச்சிகளை வாரந்தவறாமல் படிப்பவள். எனக்கும் சொல்லுவாள். பழைய பாடத்தை மறப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. அந்தப் பாடத்தால் குணமானவர்கள் அதிகம் இல்லை.

முதலில் அவள் கொண்டுவந்தது ஒரு கண்ணாடி. மேஜையில் இரண்டு கைக்கும் நடுவே அதை நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்தாள். இடது கையை அசைத்தால் கண்ணாடியில் வலது கை அசைவது போலத் தெரியும். கண் ஏமாந்தால் மூளையும் ஏமாந்து உண்மையான வலது கைக்குக் கட்டளை அனுப்பும். அதுதான் சிகிச்சை.

சலூன்காரர் கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"இது என் இடது கை."

"வலது கைன்னு நெனைச்சுப் பாருங்க ஐயா."

"எப்படி நெனைக்க? கட்டைவிரல்ல தழும்பு இருக்கு பாருங்க."

"தழும்பைப் பாக்காதீங்க."

"டாக்டரம்மா, நான் என் கையைப் பாத்து வேலை செஞ்சதே இல்ல. கண்ணாடியில ஆளைப் பாப்பேன், கை தன்னால போகும். உள்ள இந்தப் பக்கம் தெரிஞ்சா வெளிய எந்தப் பக்கம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இல்லேன்னா இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் கிருதா ஒண்ணு மேல ஒண்ணு கீழல்ல இருந்திருக்கும்!"

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் விடவில்லை. ஒரு வாரம் முழுக்க முயன்றாள். மற்றவர்கள் கண்ணாடிக்குள் கையைப் பார்ப்பார்கள். இவர் கண்ணாடியைப் பார்த்தார். இடது கை அசைந்தது என்றுதான் அவர் மூளை கடைசிவரை சாதித்தது.

"பலருக்குப் பலன் தருதுன்னுதான் ஆராய்ச்சி சொல்லுது, எல்லாருக்கும்னு சொல்லல" என்று கண்ணாடியைப் பைக்குள் வைத்தாள். "விடுங்க ஐயா. ஏமாத்த வேண்டாம். வேலையையே குடுப்போம்."

மறுநாள் ஒரு தடித்த கையுறையோடு வந்து அவருடைய நல்ல கையில் மாட்டி, மணிக்கட்டில் பட்டையை இறுக்கினாள். பகலில் சில மணி நேரம் இடது கைக்கு விடுமுறை. சாப்பாடு, சீப்பு, பொத்தான், எல்லாம் வலது கையின் பொறுப்பு.

"ஓடற கையைக் கட்டிப்போட்டுட்டு ஓடாத கையை ஓடுன்னா எப்படி?" என்று கத்தினார்.

"ஓடற கை இருக்கற வரைக்கும் அது ஏன் ஓடும்?" என்றாள் அவள். பிறகு அக்காவிடம் திரும்பினாள். "அம்மா, நீங்க பொத்தான் போட்டுவிடக் கூடாது."

"புருஷனுக்குப் பொத்தான் போடறது குத்தமா?"

"இப்போதைக்குக் குத்தம்தான்."

அக்கா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அக்கா கையுறையைக் கழற்றிவிட்டிருக்க, இவர் இடது கையால் நிம்மதியாகச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். இருவரும் திருட்டுப் பூனைகளைப் போல முழித்தார்கள். நான் கையுறையை மாட்டிவிட்டு, கிண்ணத்தை வலது பக்கம் நகர்த்தி வைத்தேன். சூப் ஆறிப்போய்தான் உள்ளே போனது. பாதி சட்டைமேல் போனது.

அடுத்து கடைச் சாமான்கள் வந்தன. கிண்ணத்தில் சோப்பைப் போட்டு, பிரஷ்ஷால் நுரை எழுப்ப வேண்டும். ஆரம்பத்தில் மணிக்கட்டு திரும்பவில்லை, தோளே சுற்றியது. நுரை கண்ணாடியிலும் காலண்டரிலும் என் மூக்கிலும் இருந்தது, கிண்ணத்தில் மட்டும் இல்லை. நாளாக ஆகத் தோள் அடங்கியது, முழங்கை அடங்கியது. ஒரு காலையில் மணிக்கட்டு மட்டும் சுழன்றது. கிண்ணத்தில் நுரை கெட்டியாக எழுந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உப்பு போதுமா பாரு நர்சம்மா" என்று என்னிடம் நீட்டினார்.

கத்திக்கு வந்தபோது அவரே பலூன் கேட்டார். புதுப் பையன்கள் அப்படித்தான் பழகுவார்களாம். பலூனில் நுரை தடவி, வெடிக்காமல் வழிக்க வேண்டும். முதலாளி காலத்தில் தானும் அப்படித்தான் பழகியதாகச் சொன்னார். அக்கா பலூனைப் பிடித்துக்கொள்ள, இவர் வழிப்பார். பட்டென்று வெடிக்கும், அக்கா அலறுவாள். எத்தனை முறை வெடித்தாலும் அவள் அலறல் பழகவே இல்லை.

"பிள்ளைங்க பிறந்தநாளுக்குக்கூட இந்த வீட்டுல இத்தனை பலூன் வாங்கினதில்ல" என்பாள்.

வெடிப்பது குறைந்தது. சில நாள் ஒன்றுகூட வெடிக்காது, சில நாள் வரிசையாக வெடிக்கும். பிசியோ பெண் ஒளிக்காமல் சொன்னாள்: "இன்னும் முன்னேறும் ஐயா. எதுவரைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

ஒரு காலை தபால்காரர் வழக்கம்போலக் குனிந்து நுழைந்தார். சலூன்காரர் என்னிடம், "ஷட்டரை முழுசாத் தூக்கு" என்றார். பிறகு அவரிடம், "நாற்காலியில உக்காருடா."

தபால்காரர் பேப்பரை மடித்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சலூன்காரர் துணியை இரண்டு கையாலும் அவர் கழுத்தில் கட்டினார். தாடியின் நீளத்தை மெஷினால் குறைத்தார். நுரை தடவினார். பாதி பிளேடைக் கத்தியில் செருகியதும் அக்கா நடையில் வந்து நின்றுகொண்டாள். அவர் கண்ணாடியில் சிநேகிதரின் முகத்தைப் பார்த்தார். கை போனது. வலது கன்னம் சுத்தமாக வந்தது. இடது கன்னமும் வந்தது. நுரைக்கு அடியிலிருந்து பழைய தபால்காரர் எட்டிப் பார்த்தார்.

பிறகு மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார் தபால்காரர். கத்தி தொண்டைக்கு மேலே வந்து நின்றது. நுனி லேசாக நடுங்கியது.

"என்னடா, தூங்கிட்டியா?"

"கழுத்து வேண்டாம்."

"எடுடா. பட்டா என்ன, படிகாரம் தேச்சுக்கலாம்."

"படிகாரத்துக்கு அடங்கற அளவுக்குத்தான் வெட்டும்னு உனக்கு யார் சொன்னா?"

"எனக்குப் பயமில்ல."

"உனக்கு இல்ல சரி. கை என்னுது."

பிளேடை உருவித் தகர டப்பாவில் போட்டார். கழுத்தை மெஷினாலேயே ஒட்ட வெட்டி முடித்தார். தபால்காரர் மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, "மேல வெல்வெட்டு, கீழ முள்ளு. பாதி ஷேவிங்குக்கு முழு நன்றி சொல்ல மாட்டேன்" என்றார். பெஞ்சுக்குப் போய்ப் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டார். பக்கத்தைத் திருப்பவில்லை.

சலூன்காரர் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை கத்தி பிடிக்காவிட்டால் கடையை மூடிவிடுவேன் என்று அவர் முன்பு சொன்னது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். அக்காதான் மெதுவாகக் கேட்டாள்: "ஷட்டரை இறக்கிடச் சொல்லட்டுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் தெருவில் போன ஒருவர், கடை திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார்.

"அண்ணே, வந்தாச்சா! நல்லவேளை. ஒரு ஷேவிங் பண்ணணும், அவசரம்."

சலூன்காரர் அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஷேவிங் கிடையாது. இனிமே முடிவெட்டு மட்டும்தான்." சத்தமாகவே சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி. "உக்காருங்க. காதுக்கு மேல புதரா வளர்ந்து கிடக்கு, அதோட எங்க போறீங்க அவசரமா?"

அந்த ஆள் காதைத் தடவிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு உட்கார்ந்தார். நான் துணியை உதறி நீட்டினேன். சலூன்காரர் அதை வலது கையால் வாங்கினார்.