ஒரே மாதிரி இருமல்

எங்கள் வீட்டில் ஒரு வருடம் முழுக்க எதை எடுத்தாலும் வலுவானதா, வலுவற்றதா என்றே பேச்சு ஓடியது. அக்கா வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பயிற்சி வகுப்புக்குப் போவாள். சாயங்காலம் திரும்பியதும் கேள்விப் புத்தகத்தை என் மடியில் போடுவாள். கேள்வியை வாசிப்பதும், கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்து சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்வதும் என் வேலை. நாலாம் வகுப்புப் படிக்கிறவளை வேறு யாரும் நீதிபதியாக்கப் போவதில்லை என்பதால் அந்த உத்தியோகத்தை ஏக அதிகாரத்தோடு பார்த்தேன்.

ஒப்புமை வாதம் என்று அதில் ஒரு பகுதி. இதுவும் அதுவும் ஒரே மாதிரி, ஆகவே அதற்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும் என்று ஒருவர் வாதிடுவார். அது நிற்குமா விழுமா என்று நாம் சொல்ல வேண்டும். ஒத்துப்போகிற இடத்தைப் பார்த்து மயங்காதே, ஒத்துப்போகாத இடம் எது என்று தேடு என்பாள் அக்கா.

அப்பா பஞ்சாலையில் பழுது பார்க்கும் பிட்டர். பஞ்சைச் சிக்கெடுக்கும் மெஷின்களோடும் அதன் தூசியோடும் இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர். ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி அவரும் விடை சொல்வார். சனிக்கிழமை அக்கா பால்கோவா வாங்கி வருவாள். தப்பாகச் சொன்னவர் பங்கு எனக்கு என்பது சட்டம். சட்டம் போட்டதும் நான்தான். அப்பாவால் எனக்கு ஒருநாளும் லாபமில்லை.

இரண்டு மோட்டார்கள் ஒரே மாதிரி சத்தம் போடுகின்றன. ஒன்றுக்கு பேரிங் மாற்றியதும் சத்தம் நின்றது. ஆகவே மற்றதற்கும் பேரிங் மாற்றினால் போதும் என்று ஒரு கேள்வி வந்தது. அக்கா யோசிக்குமுன் அப்பா சொல்லிவிட்டார்.

"வலுவற்றது. சத்தம் ஒண்ணா இருந்தா கோளாறும் ஒண்ணாயிருமா? பிரிச்சுப் பாக்காம சொல்லப்பிடாது."

சரியான விடை. சொல்லி முடித்ததும் அவருக்கு இருமல் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொடங்கிய இருமல், ஈஸ்டர் கழிந்தும் நிற்கவில்லை. சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. எங்கள் தெருமுனையில் துணிக்கடை வைத்திருந்த பாய்க்கும் முந்தின வருடம் விடாத இருமல். வன்னியம்பட்டியில் யாரோ தந்த கஷாயத்தில் அவர் குணமாகியிருந்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வாராவாரம் கஷாயம் வந்தது.

"பாய்க்கும் இதே இருமல்தான? இப்ப பாரு, அவிய கல்லுக்குண்டா நடமாடுதாக," என்பாள் அம்மா.

"பாய் பஞ்சுக்குள்ளயா நின்னாக? மதுரைக்குப் போயி ஒருதடவ ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம்மா," என்பாள் அக்கா.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரேட்டி. மாதா பாத்துக்கிடுவா."

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. அவளுடைய அண்ணன் அங்கே நடந்து போய், தூக்கி வரப்பட்டவர். அதுவும் ஒப்புமைதான். அதற்கு யாரும் மார்க் போடவில்லை.

ஒரு சனிக்கிழமை, பால்கோவாவைப் பங்கு வைத்த பிறகு அக்கா சொன்னாள்: "புஸ்தகத்த மூடு. நான் ஒண்ணு கேக்கேன். அப்பா, நீங்கதான் சொல்லணும்."

பிறகு புத்தகத்தில் இருப்பது போலவே கேட்டாள். ஒருவருக்கு இருமல். அவர் கடையில் உட்கார்ந்திருப்பவர். கஷாயம் குடித்தார், குணமானார். இன்னொருவருக்கும் அதே இருமல். அவர் தூசியில் வேலை பார்ப்பவர். ஆகவே அதே கஷாயம் குடித்தால் அவரும் குணமாவார். இந்த வாதம் வலுவானதா, வலுவற்றதா?

அப்பா அவளைப் பார்க்கவில்லை. அடுக்களை வாசலில் கஷாய டம்ளரோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"வலுவானது," என்றார்.

"தப்பு! தப்பு!" என்று நான் குதித்தேன். அப்பா சிரித்தபடி தன் பங்கை என் பக்கம் நகர்த்தினார். அம்மாவின் முகத்தில் அத்தனை மாதத்தில் இல்லாத நிம்மதி. அக்கா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த மழைக்கு அப்பா இல்லை. அடக்கத்துக்கு வந்த மில்காரர் ஒருவர் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னார். ஈஸ்டருக்கு முன்பே அப்பா லீவு போட்டு அவரோடு மதுரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். வீட்டில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார்.

அக்காவுக்கு அதில் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. அந்தச் சனிக்கிழமையே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதிரிக் கேள்வியில் அப்பா தப்பு விடுகிறவர் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் அவள் பின்னாலேயே கொல்லைக்குப் போனேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, தாவணித் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பாவின் பங்கு எனக்குக் கிடைத்துவிட்ட வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். கேட்டுவிடப் போகிறாளே என்று, கையில் மிச்சமிருந்ததை அவசர அவசரமாக வாயில் போட்டுக்கொண்டேன்.