படுக்கையறைப் பருத்தி

நூற்பாலையில் அவளை எல்லாரும் கிள்ளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி உட்பட. பருத்தியைக் கண்டால் ஒரு சிட்டிகை கிள்ளி, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே இழுத்துப் பார்த்து, இழையின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவாள். மற்ற இடங்களிலும் அந்தக் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போன வீட்டில் தலையணை ஓரத்தைக் கிள்ளி, "இதுல பாதி கழிவுப் பஞ்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள் அவள்.

பதினெட்டு வயதில் பொறுக்கும் கூடத்தில் சேர்ந்தாள். வண்டியில் வந்து கொட்டும் பருத்தியிலிருந்து சருகு, கயிறு, குப்பை எல்லாம் எடுத்துவிட்டு, கொட்டை நீக்கும் இயந்திரத்துக்கு அனுப்புகிற வேலை. பத்தே வருஷத்தில் கொள்முதல் நாற்காலிக்கு வந்துவிட்டாள். சிபாரிசு ஒன்றும் கிடையாது. தண்ணீர் தெளித்து எடை கூட்டிய சரக்கைத் தொட்டவுடன் காட்டிக்கொடுக்கும் விரல்கள் இருந்தன, அவ்வளவுதான்.

அவளுடைய மேசை இழுப்பறையில் முப்பத்திரண்டு தீப்பெட்டிகள். வருஷத்துக்கு ஒன்று. உள்ளே அந்த வருஷத்துப் பருத்தி ஒரு சிட்டிகை, மேலே அந்த வருஷத்தின் உச்ச விலையும் அடிவிலையும். மகள் எந்த வருஷம் பிறந்தாள் என்று கேட்டால், "குவிண்டால் ரெண்டாயிரத்துக்கு விழுந்துச்சே, அந்த வருஷம்" என்பாள். நம்ம கல்யாணம் என்று கணவர் ஆசையாக எடுத்துக்கொடுத்தால், "அப்போ விலை நல்லா இருந்துச்சு. மத்தது சுமார்."

இந்த வருஷம் விலைக்குப் பேய் பிடித்தது. ஐயாயிரத்தில் இருந்த குவிண்டால் இரண்டே மாதத்தில் ஒன்பதாயிரம். எங்கோ மழை இல்லை என்றார்கள், எங்கோ கப்பல் நின்றுவிட்டது என்றார்கள். அப்பாவிடமிருந்து ஆலைப் பொறுப்பைப் புதிதாக ஏற்றுக்கொண்ட இளைய முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"அக்கா, ஆறு மாசத்துக்குச் சேர்த்து வாங்கிப் போட்டுடலாம். போற போக்கைப் பார்த்தா பன்னெண்டாயிரம் ஆயிடும்."

"கிடங்குல நாப்பது நாளைக்கு இருக்கு. பொறுங்க."

"நாப்பத்தொண்ணாவது நாள் மில்லு நின்னா? முந்நூறு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என்னைக் கைகாட்டுங்க. இந்த நாற்காலியைக் காலி பண்ணிட்டுப் போயிடறேன்."

இது வாய்ச்சவடால் இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தங்கையும் அவள் கணவரும் பருத்தி போடுகிறவர்கள். உள்ளே போனால் உட்கார இடமில்லை. கூடத்தில் பருத்தி, படுக்கையறையில் கட்டில் மூழ்கும் அளவுக்குப் பருத்தி. குடும்பமே அடுக்களையில் படுத்துக்கொண்டிருந்தது. தங்கையின் மூக்குக்கண்ணாடி அந்தக் குவியலில் எங்கேயோ விழுந்து நாலு நாளாகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் அக்காவை வரவேற்றாள்.

வந்த வழியெல்லாம் அதே கதை. முடிதிருத்துபவர் கடையின் பின்னறையில் மூட்டைகள். டியூஷன் டீச்சர் வீட்டில் பிள்ளைகள் மூட்டைமேல் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். செடியையே பார்த்திராத தையல்காரர்கூட எட்டு மூட்டை வாங்கி வைத்திருந்தார். கிள்ளக்காவுக்குப் புரிந்துவிட்டது. சந்தையில்தான் பருத்தி இல்லை, ஊரில் வேண்டிய மட்டும் இருக்கிறது. வீட்டுக்குள் வைத்த பருத்தி ரொம்ப நாள் தாங்காது. ஈரம் பட்டால் மஞ்சளாகும், எலி வரும், வீடே இருமும். ஒருவர் விற்க ஆரம்பித்தால் எல்லாரும் ஓடுவார்கள். அவளுடைய தீப்பெட்டிகளில் மூன்று வருஷம் இப்படி எகிறி, மூன்று வருஷமும் இப்படித்தான் விழுந்திருக்கிறது.

ஆலையைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் தங்கையைப் பற்றி. அந்த வீட்டின் கூரை இரண்டு வருஷமாக ஒழுகுகிறது. இந்த மகசூலை நம்பித்தான் புதுக் கூரை.

"வித்துடுடி" என்று அன்றைக்கே தங்கையிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பன்னெண்டாயிரம் போகும்னு ஊரே சொல்லுது. நீ மில்லுக்காரி. உனக்குச் சல்லிசா வேணும், அதானே?"

கூடப்பிறந்தவள் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை கிள்ளக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. பஸ்ஸில் திரும்பும்போது அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனாள். விலை அப்போது ஒன்பதாயிரத்து அறுநூறு. கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை அவள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை.

"சரி, விக்காதே. நாங்க இப்போ ஒரு பிடிகூட வாங்கலை. மூணு வாரம் கழிச்சு நானே வண்டியோட வர்றேன். அதுவரைக்கும் நனையாம வெச்சிரு."

தங்கையின் சுருங்கிய கண் இன்னும் சுருங்கியது. "இப்போ ஏன் வாங்கலை?"

"என்ன அவசரம்?" என்று டீயைக் குடித்துவிட்டுக் கிள்ளக்கா கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு பருத்தித் தரகரின் லாரி தங்கை வீட்டு வாசலில் நின்றது. தங்கையின் கணவர் போனில் குதித்தார். "உங்க தங்கச்சி உங்களுக்கே அல்வா குடுத்துட்டா! அத்தனையும் ஒன்பதாயிரத்து அறுநூறுக்குப் போயிடுச்சு!" கிள்ளக்கா "அடடா" என்று போனை வைத்துவிட்டு, தனியாகச் சிரித்தாள்.

அந்த நாற்பது நாளில் முப்பதாம் நாள் அவள் கிடங்கை இரண்டு தடவை போய் எண்ணினாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துணிச்சல்காரிக்கும் பயம் உண்டு. முப்பத்தொன்றாம் நாள் தூறல் போட்டது. முதலில் முடிதிருத்துபவர் விற்றார், மதியத்துக்குள் டீச்சர், சாயங்காலம் தையல்காரர். ஒரே வாரத்தில் விலை ஐயாயிரத்து எண்ணூறுக்கு வந்து நின்றது. "இப்பவாவது வாங்கலாமா அக்கா?" என்று முதலாளி அவள் மேசைக்கே வந்து கேட்டார். "இன்னும் ரெண்டு நாள் சரக்கு இருக்கே" என்று சொல்லி, வேண்டுமென்றே ஒரு நாள் காக்க வைத்துவிட்டு வாங்கினாள்.

பன்னிரண்டாயிரத்துக்குக் காத்திருந்த தரகரின் சரக்கும் அதில் வந்தது. பொறுக்கும் கூடத்துப் பெண்கள் அதிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு காது உடைந்திருந்தது.

தங்கை வீட்டில் புதுக் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டில் பழையபடி கண்ணுக்குத் தெரிந்தது.

"எங்கேக்கா கிடைச்சுது?"

"மில்லுல. உன் பருத்தி ஊரைச் சுத்திட்டு என்கிட்டதான் வந்துச்சு."

"என்ன விலைக்கு?"

"அஞ்சாயிரத்து எண்ணூறு."

தங்கை கண்ணாடியைக் கோணலாக மாட்டிக்கொண்டு அக்காவையே பார்த்தாள். "அப்போ, மூணு வாரம் கழிச்சு வாங்கிக்கிறேன்னு அன்னைக்குச் சொன்னது..."

"நிஜத்தைத்தான் சொன்னேன். வித்துடுன்னா நீ கேக்கலையே."

தங்கையின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "உன்னைப் போய் மில்லுக்காரின்னு சொல்லிட்டேனே."

"மில்லுக்காரிதான்" என்றபடி கிள்ளக்கா கட்டிலில் உட்கார்ந்து தலையணையைக் கிள்ளினாள். "முதல்ல உனக்கு அக்கா."