சிவப்பு கிட்டாரின் தளர்ந்த ஆர்ம்

இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் யாரையும் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஆனால் பொய் என்று மட்டும் என் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் பெயர் ஷிபா. கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். எழுபத்தெட்டுப் பெண்கள். மாதத்துக்கு ஒருத்தியாவது "சேச்சி, பாத்ரூம்ல பேய்" என்று அலறிக்கொண்டு ஓடி வருவாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போவேன். ஒரு தடவை பூனை. ஒரு தடவை கீசர். ஒரு தடவை எவளோ காயப்போட்ட நைட்டி. அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது. என் சொந்த வீட்டுக்குள், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, சாயங்காலம் ஆறு பத்துக்கு.

என் வீட்டுக்காரர் அஜின் ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் கிட்டார் வாசிப்பார். சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார், செகண்ட் ஹேண்ட். அதன் அடியில், நுனியில் ஒரு வெட்டுத் தடம் விழுந்த, வளைந்த இரும்புக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டு இருக்கும். ட்ரெமோலோ ஆர்ம். அதை அமுக்கினால் ஸ்வரம் நடுங்கும். அஜின் அதை ஆர்ம் என்பார். நான் வால் என்பேன்.

அந்த ஆர்ம் மாட்டுகிற துளையில் மரை தேய்ந்துவிட்டது. எவ்வளவு திருகினாலும் நிற்காது, தொங்கும். அஜினுக்கு கிட்டாரைக் கழுத்தில் மாட்டினால் ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. வீடு முழுக்க நடப்பார். நடக்க நடக்க அந்த ஆர்ம் கிட்டாரின் உடம்பில் இடிக்கும்.

டக்... டக்... டக்...

தினமும் ஆறு மணிக்கு வருவார். குளிப்பார். ஆறு பத்துக்கு ஆரம்பிக்கும். எழுபத்தெட்டுப் பெண்களின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிற எனக்குத் தலை வெடிக்கும். "அத ஒண்ணு முறுக்கி வைக்கப்பிடாதா?" என்பேன். "நாளைக்கு பாக்கலாம். கெடந்து சாடாத" என்பார். இரண்டு வருடம் அந்த நாளை வரவே இல்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. காலையிலேயே கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்கு முந்தின நாள் ஹாஸ்டலில் சண்டை, தூக்கம் இல்லை. கத்திவிட்டேன்.

"இன்னைக்கு அத சரியாக்கிட்டு வீட்டுக்குள்ள வாங்க. இல்லேன்னா வராண்டாம். அப்படியே போயிருங்க."

அஜின் கிட்டாரைக் கழுத்திலிருந்து கழற்றினார். உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து டூல் பேக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டீ மேசையில் ஆறிக் கிடந்தது. 11.20க்கு போன் வந்தது. மூன்றாவது மாடி. மழையில் நனைந்த சன்ஷேடு. ஏசியைக் கழற்றப் போய்க் கால் வழுக்கிவிட்டது.

சவப்பெட்டிக்குள் கல்யாணக் கோட்டு போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். எனக்கு அதற்குமேல் நினைவில்லை. மூன்று தடவை மயங்கினேனாம்.

அதற்குப் பிறகு என் தலைக்குள் ஒரே கேள்விதான். கோபத்தோடு போனாரா? சாப்பிட்டால் அதுதான், படுத்தால் அதுதான். யாரிடம் கேட்பது?

கிட்டார் உள் அறைச் சுவரில் தொங்கியது. நான் அதைச் சரியாகப் பார்க்காமலே அதன்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முப்பத்தொன்றாம் நாள் சாயங்காலம். காய் நறுக்கிக்கொண்டு இருந்தேன்.

டக்... டக்...

கடிகாரத்தைப் பார்த்தேன். 6.10.

ஹைவேயில் கண்டெய்னர் லாரி போனால் எங்கள் வீட்டுச் சுவர் அதிரும். அந்த ஆர்ம்தான் ஆடி இடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். எல்லா நாளும் ஆறு பத்துக்குச் சரியாக எந்த லாரி போகும்? அதை மட்டும் நான் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் ஜெபத்தன்று கிட்டாரைக் கொயருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அதற்கு முன் இந்தச் சனியனை முறுக்கிவிடலாம் என்று முப்பத்தெட்டாம் நாள் உட்கார்ந்தேன். மணி 5.50. வெளியே தூறல். டியூப் லைட் எரிகிறது. மின்விசிறியை நிறுத்தினேன்.

பெட்ஷீட்டை எடுத்தேன். ஆர்ம் வழக்கம்போலத் தொங்கியது.

திருகிக் கழற்றினேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது. மரையில் ஏற்கெனவே இரண்டு சுற்று வெள்ளை டேப். பைப்பில் தண்ணீர் கசியாமல் சுற்றுவார்களே, அந்த டெஃப்லான் டேப். 'அட, ஆரம்பிச்சிருக்காரே' என்று நினைத்துக்கொண்டேன். மரை இடுக்கில் செம்மண். ஈரமாக.

வீட்டுக்குள் தொங்கும் கிட்டாரில் ஈர மண் எப்படி வரும்?

துணியால் துடைத்தேன். பழைய டேப்பைப் பிய்த்தேன். அவரோடு வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த டூல் பேக்கில் இருந்த ரோலை எடுத்துப் புதிதாகச் சுற்ற ஆரம்பித்தேன். கிட்டார் மடியில். ஆர்ம் இடது கையில்.

டக்...

கையைப் பார்த்தேன். ஆர்ம் என் கையில்தான் இருக்கிறது.

டக்... டக்...

முன் அறையிலிருந்து வந்தது. 6.10.

டேப் ரோல் கையிலிருந்து நழுவியது. தரையில் உருண்டது. கதவுத் திரைக்கு அடியில் புகுந்து முன் அறைக்குப் போய்விட்டது. டேப்பின் ஒரு முனை என் கையில் இருக்கும் மரையில். மீதி தரையில் தளர்ந்து கிடந்தது.

பிறகு அது தரையை விட்டு மேலே எழும்பியது.

இழுத்துப் பிடித்ததுபோல்... விறைப்பாக நின்றது.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ரோலைப் பிடித்திருக்கிறார்கள்.

என்னால் கத்த முடியவில்லை. கை தானாகச் சுற்றியது. டேப் வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை எதிர்ப்பக்கம் இழுத்தது. நான் சுற்றும் திசை தப்பு. மாற்றிச் சுற்றினேன். ஒரு சுற்று. அந்தப் பக்கம் அளவாக விட்டது. இரண்டு. விட்டது. மூன்று.

டேப் அறுந்தது.

ஆர்மைத் துளையில் வைத்துத் திருகினேன். இறுகியது. இரண்டு வருடத்தில் முதல் தடவை அசையாமல் நின்றது.

டக்... டக்...

பக்கத்தில்.

திரை உள்பக்கமாக உப்பியது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

"போயிருங்க!" என்று கத்தினேன். "போயிருங்க... இங்க வராதீங்க!"

சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தபோது 6.17. முன் அறையில் யாரும் இல்லை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. டேப் ரோல் டிவியின் பக்கத்தில் ஸ்டாண்டின் மேல் இருந்தது. அது தரையில் உருண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் 6.10க்குச் சத்தம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள். ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு ரதீஷ் நின்றான். அஜினோடு ஒன்றாக வேலை பார்த்தவன், கொயரில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். கிட்டாரை எடுத்துப்போக வந்திருந்தான்.

"சேச்சி, இதுக்கு ஆர்ம் ஒண்ணு புதுசா வாங்கணும்" என்றான்.

"எதுக்கு? ஆர்ம் இருக்குல்லா. நானே முறுக்கி வச்சிருக்கேன்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீங்க என்ன பறையுதிய சேச்சி? அத நானாக்கும் அவனுக்க கோட்டு பாக்கெட்டுல வச்சேன். பெட்டி மூடுததுக்கு முன்ன. நீங்க மயங்கிக் கெடந்திய."

"ஒனக்கு அது எப்படி கிட்டிச்சு?"

"அன்னைக்கு காலைல அவன் அத களத்தி டூல் பேக்குல கொண்டுவந்தான். 'வீட்டுக்காரி சாடுதா, இன்னைக்கு இத சரியாக்காம போனா உள்ள விடமாட்டா'ன்னு பறஞ்சான். ரெண்டு சுத்து டேப்பு சுத்தினான். அதுக்குள்ள மேலேருந்து விளிச்சாங்க. என் கையில தந்துட்டு ஏறினான்."

பேய் பயமெல்லாம் எனக்கு அந்த நிமிடம் மறந்துபோனது. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"பறயும்போ கோவமா இருந்தாரா?"

"கோவமா? சிரிச்சாம்லா சேச்சி. 'அவ சாடலேன்னா எனக்கு நாளே போவாது'ன்னு சிரிச்சான்."

உள் அறைக்குக் கூட்டிப்போய் பெட்ஷீட்டை விலக்கினேன். ஆர்ம் இருந்தது. ரதீஷ் குனிந்து பார்த்தான். நுனியில் இருந்த அதே வெட்டுத் தடத்தைத் தடவப் போனவன், நெருப்பைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். கிட்டாரை எடுக்காமலே வெளியே போய் பைக்கை எடுத்தான். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

கல்லறையைத் திறந்து பாருங்கள் என்று சிலர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அங்கே பாக்கெட்டில் அது இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

சரிசெய்துவிட்டு வரச் சொன்னேன். சரிசெய்யத்தான் வந்தார். என்கூட உட்கார்ந்து டேப்பும் பிடித்துத் தந்தார். நான் அவரை மறுபடியும் போகச் சொல்லிவிட்டேன்.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கே வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன். "வாங்க" என்று வாய்விட்டுக் கூப்பிடுகிறேன். பக்கத்து வீட்டில் பைத்தியம் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். ஏழு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். நான்கு மாதமாகிறது. அஜின் வரவில்லை.