படகில் கேட்ட கேள்விகள்

ஜம்புநாதன் லண்டனில் டிராம் வண்டிகளில் டிக்கெட் பரிசோதகர். விம்பிள்டனில் ஏறி குறொய்டனில் இறங்குவார், மறுபடி ஏறுவார். பதினெட்டு வருடமாக இதுதான். கட்டணத்துக்குக் கார்ட் தட்டாமல் ஏறியவனைக் கண்டுபிடிக்க அவருக்கு மெஷின் வேண்டியதில்லை. அப்படி ஏறியவன் ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், அல்லது தேவைக்கு அதிகமாகச் சிரிப்பான்.

இந்த அறிவை வேலை முடிந்ததும் டிப்போவில் கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. நோர்பரி வீட்டுக்குக் கடிதம் வந்தால் முதலில் முத்திரையைப் பார்ப்பார், பிறகுதான் பிரிப்பார். மனைவி தவநாயகி கேட்காமலே இரண்டாவது தேத்தண்ணி கொண்டுவந்தால், "என்ன சங்கதி?" என்பார்.

அப்படிப்பட்டவர் இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை தானே பொய் சொன்னார். மகள் தர்மிகாவைக் கோயிலுக்கு வா என்று விம்பிள்டனுக்குக் கூட்டிப்போனார். அங்கே ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு குடும்பம் தற்செயலாக வந்து நின்றது. தாய், தகப்பன், பட்டுவேட்டி கட்டிய மகன். "அட, நீங்களும் வந்தனீங்களோ?" என்று தாய்க்காரி ஆச்சரியப்பட்டாள். பெண் பார்க்கிற இந்த ஏற்பாட்டில் எல்லோரும் ஆச்சரியப்பட வேண்டும் என்பது முறை. தர்மிகா ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். கணக்குப் பிழைத்தால் உடனே தெரிந்துவிடும் அவளுக்கு. அர்ச்சனை முடிவதற்குள் வெளியே போய்விட்டாள். அடுத்த கிழமை தனி அறை எடுத்துப் போனாள். ஐந்து மாதம் தகப்பனோடு கதைக்கவில்லை. திரும்பி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "எனக்குத் தெரியாமல் இன்னொருக்கா எண்டால், நான் போனது போனதுதான் அப்பா."

அவர் சத்தியம் செய்தார்.

இந்த ஆகஸ்டில் டொரொன்டோவில் இருக்கும் தங்கை சந்திரவதனா ஏரிக்கு மீன் பிடிக்க வரச் சொன்னாள். தவநாயகிக்கு லீவு கிடைக்கவில்லை. தகப்பனும் மகளும் போனார்கள். ஹீத்ரோவில் பெட்டியைப் போட்டுவிட்டு நிற்கும்போது தர்மிகா கேட்டாள்.

"அங்கை ஒருத்தரும் இல்லைத்தானே?"

"ஒருத்தரும் இல்லை. மீன் மட்டும்தான்."

டொரொன்டோவிலிருந்து வடக்கே நாலு மணித்தியாலக் கார் ஓட்டம். நிப்பிசிங் ஏரிக்கு அக்கரை தெரியவில்லை. கரையில் மரவீடு ஒன்றை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் நாள் விடியப்புறம் ஐந்து மணிக்கு ஜம்புநாதன் இறங்குதுறைக்கு வந்தபோது, அங்கே ஒருத்தன் நின்றான். முப்பது வயது இருக்கும். மழித்த முகம்.

"இவர் டிலுக்சன், என்னோடை வேலை செய்யிறவர்," என்றார் தங்கையின் கணவர் றமணன். "போட் இவற்றைதான். எனக்கு எஞ்சின் ஓடத் தெரியாது மச்சான்."

வணக்கம் அங்கிள் என்று அவன் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது.

மீன் பிடிக்க வருகிறவன் எதற்கு முகம் மழிக்கிறான்? ஜம்புநாதன் திரும்பிப் பார்த்தார். வீட்டு வாசலில் சந்திரவதனா தர்மிகாவிடம், "அந்தக் கறுப்பை மாத்திப்போட்டு மஞ்சளைப் போடுங்கோ பிள்ளை, அதுதான் நல்லது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தர்மிகா கொட்டாவி விட்டபடி உள்ளே போய் மஞ்சளில் வந்தாள். படகில் ஏறும்போது றமணன், "பிள்ளை நடுவிலை இருக்கட்டும், டிலுக்சனுக்குப் பக்கத்திலை. பாரம் சரியாயிருக்கும்," என்றார்.

பாரம். ஜம்புநாதன் முன்பக்கம் போய், நடுவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

பிடிக்கப்போவது வோல்ஐ என்ற மீன். கண் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கலாக இருக்கும். வெளிச்சம் அதற்கு ஆகாது. வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். அதனால்தான் இந்த நேரம். ஈயக்குண்டு வைத்த தூண்டிலில் அட்டைப்பூச்சியைக் கோத்து அடிமண் தட்டும்வரை விட வேண்டும், ஒரு அடி தூக்க வேண்டும், மெல்ல விழவிட வேண்டும். டிலுக்சன் இதை எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னான். ஆனால் தூண்டில் நரம்பை விரலில் எப்படிப் பிடிப்பது என்று தர்மிகாவுக்குத்தான் காட்டினான். அவள் சிரித்தாள்.

அவள் கண்டுபிடிக்கும் முன் தான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஜம்புநாதனுக்குப் பட்டது. கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால் தான் சத்தியம் மீறவில்லை என்று ஆகிவிடும். அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி ஊரிலை எவடம்?"

"அப்பா அம்மா சாவகச்சேரி, அங்கிள். நான் இஞ்சைதான் பிறந்தது."

"சாவகச்சேரியிலை எவடம்?"

"மட்டுவில் எண்டு சொல்லுவினம்."

"அப்பா என்ன செய்யிறார்?"

"ரிட்டையர் பண்ணிட்டார்."

"சகோதரங்கள்?"

"ஒரு தங்கச்சி."

"அவ முடிச்சிட்டாவோ?"

தர்மிகாவின் தூண்டில் பாதி உயரத்தில் நின்றது. றமணன் வாயில் போட்ட கடலையை மென்று முடித்துவிட்டு, "மச்சான், மீன் பிடிக்க வந்தனீங்களோ, மாப்பிள்ளை பிடிக்க வந்தனீங்களோ?" என்றார்.

டிலுக்சன் காது வரை சிவந்தான். எஞ்சினை நிறுத்தினான். ஏரி முழுக்க ஒரேயடியாக அமைதியானது.

"அங்கிள், குறை நினைக்கக்கூடாது. எனக்குப் போன வைகாசியிலை கலியாண எழுத்து முடிஞ்சுது. மனிசி சட்பரியிலை நேர்ஸ். றமணன் அண்ணைக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லேல்லைப் போல."

அவன் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் ஜம்புநாதனைச் சுட்டது. பெண் கொடுக்கக் கேட்டு, இல்லையென்று சொல்லப்பட்டவராக அவர் உட்கார்ந்திருந்தார்.

தர்மிகா நரம்பைச் சுற்றி எடுத்தாள். ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்க, நீங்கள் சத்தியம் செய்தீர்கள் அப்பா என்றாள்.

"நான் கேட்டது அதுக்கில்லைப் பிள்ளை."

"வேறை எதுக்கு?"

"அவன் மாப்பிள்ளையோ எண்டு பார்க்கத்தான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. டிலுக்சன் ஜன்னல் தேடுகிறவன்போலத் தண்ணீரைப் பார்த்தான். றமணன் இன்னொரு கடலை எடுத்தார்.

"மாமியிலைதான் எனக்குச் சந்தேகம்," என்றார் ஜம்புநாதன். "மஞ்சள் சட்டை போடச் சொன்னவ. உன்னை நடுவிலை இருத்தினவை. நானில்லை."

அந்த நேரத்தில் அவருடைய தூண்டில் வளைந்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்த நிம்மதியில் டிலுக்சன் வலையோடு எழுந்தான். மீன் மேலே வந்தது. பொன்னிற உடம்பு, வெள்ளைக் கண். அளவுகோலில் வைத்துப் பார்த்தான். அளவு காணாது, விடத்தான் வேண்டும் என்றான். விட்டான். அதற்குப் பிறகு தர்மிகா இரண்டு நல்ல மீன் பிடித்தாள்.

ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்தார்கள். றமணனும் டிலுக்சனும் படகைக் கட்டினார்கள். தர்மிகா தகப்பனுக்காக இறங்குதுறையில் நின்றாள்.

"நீங்கள் ஒழுங்கு பண்ணேல்லை. அதை நம்புறன்," என்றாள். "உங்கடை முகம் எனக்குத் தெரியும். ஆனால் மாமியை என்ன நினைச்சனீங்களோ, அதை நீங்களே போய் அவவுக்குச் சொல்லுங்கோ. டிலுக்சன் சொல்ல முதல்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நாளைக்கு என்னையும் இப்பிடித்தான் நினைப்பியள். நான் உங்களோடை ஒரு வீட்டிலை இருக்கேலாது."

சந்திரவதனா மரவீட்டின் பின்னால் பலகையும் கத்தியும் வைத்துக் காத்திருந்தாள். ஜம்புநாதன் வாளியை வைத்தார். பத்தடி தள்ளி மகள் நின்றாள். பதினெட்டு வருடமாக மற்றவர்கள் வாயிலிருந்து எடுத்த ஒப்புதலை இப்போது தன் வாயால் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாப்பிள்ளை ஒழுங்கு என்று நினைத்தேன். அதற்காகத்தான் கூப்பிட்டாய் என்று நினைத்தேன். சட்டை மாற்றச் சொன்னதும் அதற்குத்தான் என்று நினைத்தேன்.

"கறுப்புக்கு நுளம்பு மொய்ச்சுக் கடிக்கும் அண்ணை," என்றாள் சந்திரவதனா. மீனைப் பலகையில் போட்டாள். செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்து, வெட்டாமல் நின்றாள். "மூண்டு வருசமாக் கூப்பிடுறன். இப்பத்தான் வந்தனீங்கள். வந்து இதையோ நினைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

"ஓம்."

அவள் வெட்டத் தொடங்கினாள். தர்மிகா வந்து வாளியைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாவது மீனை எடுத்துக் கொடுத்தாள். ஜம்புநாதனை இருவரும் போகச் சொல்லவில்லை. அவர் குழாயடியில் நின்று, தந்த துண்டுகளைக் கழுவினார்.

மத்தியானம் பொரித்த மீனும் சொதியும். டிலுக்சன் வெட்கம் தெளிந்து இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தர்மிகா, தட்டைப் பார்த்தபடி, "அப்பா, நான் உங்களோடை லண்டன் வரேல்லை," என்றாள். "ஒரு கிழமை பிந்தி வாறன். ஒட்டாவாவிலை ஒரு ஆளைப் பார்க்கவேணும்."

றமணன் மெல்வதை நிறுத்தினார். சந்திரவதனா அண்ணனைப் பார்த்தாள்.

ஆள் யார், எவடம், தகப்பன் என்ன செய்கிறார், சகோதரங்கள் எத்தனை. நாலும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன. தர்மிகா இப்போது தலை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"சரி," என்றார் ஜம்புநாதன். முள் எடுத்துவிட்ட ஒரு துண்டை மகளின் தட்டில் வைத்தார். பிறகு, வாயை வேலையில் வைத்திருப்பதற்காக, தன் தட்டில் நிறையச் சோறு போட்டுக்கொண்டார்.